நாட்டார் வீட்டு நாற்காலி

2024 ஜூன் 18, செவ்வாய்

காலையிலிருந்து ஆலைப் பக்கத்துக் கந்தக வாடை. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மூக்கெரிச்சல். இட்லி ஊற்றி வைத்தேன். மகன் அறிவு தொடவே இல்லை. துறைமுகத்தில் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதாம், ஓடிவிட்டான்.

பத்து மணிக்குக் கோயிலடியில் நிவாரண அரிசி லாரி வந்து நின்றது. ஆற்றில் எண்ணெய் மிதந்து தொழில் கெட்டதற்காக, தலைக்கட்டுக்கு ஒரு மூட்டை. எல்லப்பன் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் பெயராக வாசித்தார். கடைசி வரைக்கும் என் பெயர் வரவில்லை. கேட்டேன்.

"அண்ணி, நீங்க லிஸ்ட்ல இல்ல. இன்னா பண்றது, அது ஊர் சட்டம்" என்றார். அத்தனை பேருக்கும் முன்னால், சிரித்துக்கொண்டே.

கல்யாணமான ஆண் இருக்கிற வீடுதான் இந்தக் குப்பத்தில் தலைக்கட்டு. தலைக்கட்டுக்குத்தான் கூட்டத்தில் பேச்சு, ஓட்டு எல்லாம். என் வீட்டுக்காரர் இறந்த அன்றே எங்கள் வீடு பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. அறிவுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் இப்படித்தான். எனக்குத் தெரியாத சட்டமா? என் தாத்தா போட்டது.

தாத்தா இந்தக் குப்பத்துக்கு நாட்டார், ஊர்த்தலைவர். அப்பாவும் நாட்டார். அப்பாவுக்கு ஆண் வாரிசு இல்லை, அதனால் தன் அக்காள் மகனை எனக்குக் கட்டிவைத்து அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். இருபத்திரண்டு வருஷம் அவர் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று சனிக்கிழமையே நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன். இப்போது அந்த நாற்காலியில் அவருடைய சித்தப்பா மகன் எல்லப்பன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அரிசிக்கு அழுகிற நிலைமை எனக்கு இல்லை.

ஜூன் 20, வியாழன்

அறிவிடம் பேசினேன். தையில் பெண் பார்த்து முடித்துவிடலாம், தலைக்கட்டு வந்துவிடும், அடுத்த வருஷமே எல்லப்பனை இறக்கிவிடலாம் என்றேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"எனுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? ஆசை உனுக்குத்தான கீது. நீயே போய் குந்து."

கிண்டலுக்குத்தான் சொன்னான். நாள் முழுக்க அது காதிலேயே நின்றது.

ஜூன் 30, ஞாயிறு

நிரோஷா வந்தாள். நாலு சந்து தள்ளித்தான் மகள் வீடு, ஆனாலும் விருந்தாளி மாதிரி பூ வைத்துக்கொண்டு வந்தாள். நாள் தள்ளிப்போயிருக்கிறதாம். கல்யாணமாகி இரண்டரை வருஷம் கழித்து. மருமகன் தீபன் வாசலிலேயே நின்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தான். நல்ல பையன், கடலில் கெட்டிக்காரன், கரையில் வாயில்லாப் பூச்சி.

பாயசம் வைத்தேன். சந்தோஷம்தான். ஆனால் கிண்டும்போது மனம் எங்கே இருந்தது? புருஷன் செத்த வீடுகள் மொத்தம் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தது. நாற்பத்து மூன்று. நூற்று எழுபது வீடுகளில்.

ஜூலை 9, செவ்வாய்

பச்சையம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். ஆற்றில் இடுப்பளவு சேற்றில் நின்று கையால் இறால் தடவுகிறவள். புருஷன் போய் ஒன்பது வருஷம். விதவைகள் எல்லாம் அவள் பேச்சைக் கேட்பார்கள்.

"நாங்களும் மனுஷங்கதானேன்னு கேக்கணும்க்கா" என்றாள். "ஆனா எங்க பேச்ச யாரு காதுல போட்டுக்குவான்? நாட்டார் வூட்டு பொண்ணு, நீ நின்னா நாங்க பின்னாடி நிக்கிறோம்."

அவளுக்குக் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது தப்பா? அவர்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆடிக் கடைசி. கோயிலில் கூழ். எல்லப்பன் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை கொடுத்தார்கள். பெண்கள் வரிசையில் நின்று பார்த்தேன். அப்பா தலையில் பார்த்தது, என் வீட்டுக்காரர் தலையில் பார்த்தது. பரிவட்டம் எல்லப்பனுக்குக் காதுவரை இறங்கியிருந்தது. பொருந்தாத தலை.

செப்டம்பர் 4, புதன்

மூன்று நாளாகக் கரையில் கூடைகள் கவிழ்ந்து கிடக்கின்றன.

மீன் பிடிப்பது ஆண், விற்பது பெண். இது சட்டம்கூட இல்லை, அதற்கும் மேலே. ஒரு ஆண்பிள்ளை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனால் ஊர் சிரிக்கும். தங்களுக்கும் தலைக்கட்டு வேண்டும் என்று விதவைகள் கூடையைக் கவிழ்த்தார்கள், அவர்களைப் பார்த்து மருமகள்கள் கவிழ்த்தார்கள். இன்று எல்லப்பன் பெண்டாட்டியே கவிழ்த்துவிட்டாள். ஐஸ் இல்லாமல் கானாங்கெளுத்தி வெயிலில் வீங்கிப்போய்க் கிடந்தது. நாற்றத்தில் கந்தக வாடையே தெரியவில்லை.

நான் ஒரு வார்த்தை கத்தவில்லை. கோயில் படியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

புருஷன் இல்லாத வீடும் தலைக்கட்டு. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பச்சையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று நாட்டார் தேர்தல். எனக்குத் தொண்ணூற்றாறு பேர் கை தூக்கினார்கள்.

எல்லப்பன் எழுந்து நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஓட்டு வாங்கிட்டீங்க அண்ணி, சரி. நாளைக்கி ஒருத்தன் தப்பு பண்ணிட்டு வந்து நின்னா, பொம்பள வாயில தண்டனை வருமா? அழுதானா அய்யோ பாவம்னு வுட்டுடுவீங்களே."

சிரித்தார்கள். கை தூக்கியவர்களும் சிரித்தார்கள். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கைப்பிடி வழவழவென்று இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அறிவு வேலைக்குப் போய்விட்டான். நிரோஷாதான் வந்திருந்தாள், வயிறு லேசாகத் தெரிகிறது. "யம்மா, அப்பா மாதிரியே குந்தினு கீற" என்றாள். தப்பு. தாத்தா மாதிரி.

நவம்பர் 24, ஞாயிறு

முகத்துவாரத்தில் கல் கொட்டுகிறார்கள். கம்பெனிக்குப் பாலம் வேண்டுமாம். கல் விழ விழ ஆற்றுக்குள் கடல்தண்ணீர் ஏறுவது குறைகிறது, மணல் மேடு போடுகிறது. இன்னும் இரண்டு மாதம் போனால் படகு வெளியே போக வழி இருக்காது. மனு கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இன்று கூட்டத்தில் நானே அறிவித்தேன். டிசம்பர் 2 முதல் கடல் மறியல். ஒரு படகும் தண்ணீரில் இறங்கக் கூடாது. எல்லோரும் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போய் உட்கார வேண்டும், கண்டெய்னர் லாரிகள் மணலி வரைக்கும் நிற்க வேண்டும். மீறுகிறவனுக்கு ஊர் தண்டனை. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. என் ஒரு சொல்லுக்கு நூற்று எழுபது வீடு.

டிசம்பர் 5, வியாழன்

நான்காவது நாள். தூறலில் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறோம். பச்சையம்மா தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு எனக்குக் குடை மாதிரி நிற்கிறாள். ஒரு அதிகாரி காரிலிருந்து இறங்கி, "இதில் தலைவர் யார்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

டிசம்பர் 7, சனி

சாயந்தரம் நிரோஷா வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு. ஏழாம் மாதம், வரும் ஞாயிறு தாண்டி அடுத்த ஞாயிறு வளைகாப்பு. அதைப் பற்றிப் பேச வந்தாள் என்று நினைத்தேன்.

தீபன் காலையில் படகை இறக்கியிருக்கிறான். மறியலுக்கு முன்னால் போட்ட நண்டு வலை கடலிலேயே கிடந்ததாம். புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னதும் வலை போய்விடும் என்று பயந்து எடுக்கப் போயிருக்கிறான். மீன் பிடிக்கவில்லை. வலையைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டான்.

"யாரோ பாத்துட்டாங்கம்மா. நாளைக்கி கூட்டத்துல பேச்சு வரும். நீ பாத்துக்குவல்ல?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

எங்கள் குப்பத்தில் விசாரணை இப்படித்தான்: குற்றம் முதலில், தண்டனை அடுத்து, பெயர் கடைசியில். குற்றம் சாட்டுகிறவர் பெயரைப் பூசாரி காதில் மட்டும் சொல்ல வேண்டும். தலைவர் ஆளைத் தெரிந்துகொள்ளாமல் தண்டனை சொல்ல வேண்டும். சொன்னதைப் பிறகு குறைக்க முடியாது. முகம் பார்த்து நீதி சொல்லக் கூடாது என்று தாத்தா வைத்த வழக்கம். இதைச் சின்ன வயதிலிருந்து எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

எல்லப்பன்தான் எழுந்தார். மறியலை மீறி ஒரு படகு இறங்கியது என்றார். பூசாரி காதில் பெயர் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. பின்னால் யாரோ, "சும்மா திட்டி வுட்டுடும் பாரு" என்றார்கள்.

நான் சொன்னேன். ஊர்விலக்கு. அடுத்த ஆடிக் கூழ் வரைக்கும்.

பூசாரி பெயரைச் சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லப்பன்கூட. அவருக்கே இது அதிகம் என்று முகத்தில் தெரிந்தது. அவர் அபராதம்தான் எதிர்பார்த்திருப்பார். தீபன் தலையைக் குனிந்து நின்றான், "வலைய எடுக்கத்தான் போனேன்" என்று மெல்லச் சொன்னான். நிரோஷா பெண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்தாள். அழவில்லை.

எட்டு மாதம் அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது, அவர்கள் வாசலில் தண்ணீர் குடிக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, தொடக் கூடாது. மீறினால் அபராதம். மீறுகிறவர் தலைவராக இருந்தால் நாற்காலி போகும்.

டிசம்பர் 9, திங்கள்

இன்று எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 11, புதன்

பச்சையம்மா வந்தாள். உட்காரவில்லை.

"உனுக்குத் தெரியாம சொல்லிட்டன்னு ஊரே உனுக்காக பரிதாபப்படுது. கூட்டத்த கூட்டி கொறச்சிக்க. அது உன் வயித்துல பொறந்தது. மாசமா வேற கீது. இதுக்காடி நாங்க கூடைய கவுத்தோம்?"

சட்டத்தைக் குறைக்க முடியாது என்றேன். "நாங்க மட்டும் சட்டத்த மாத்துனோமே" என்றாள். போய்விட்டாள்.

தெரியாமல் சொன்னேனா? இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். எனக்குத் தெரியும். குற்றத்தைச் சொல்லும்போதே யார் என்று தெரியும். அபராதம் என்று சொல்லியிருக்கலாம், நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அபராதம் என்று சொன்னால், பெயர் தெரிந்ததும் மகளுக்காகக் குறைத்தாள் என்பார்கள். பொம்பளை இரக்கம் என்பார்கள். நாற்காலி ஒரு மாதம்கூடத் தங்காது. இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது, எவ்வளவு தெளிவாக ஓடியது — நான் என்ன பிறவி?

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று வளைகாப்பு நடந்திருக்க வேண்டும். நேற்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு மாத்தூர் போய்விட்டார்கள். தீபனுக்குத் தெரிந்தவர் யாரோ அங்கே வாடகைக்குப் பிடித்துக்கொடுத்தாராம். லோடு ஆட்டோவில் பீரோவையும் கட்டிலையும் தீபனும் அறிவும் ஏற்றியதை மாடியிலிருந்து பார்த்தேன். அறிவு தொட்டான். அபராதம் போட்டேன். கட்டிவிட்டான்.

புயல் வரவில்லை. கடல் குளம் மாதிரி கிடந்தது.

2025 ஜனவரி 17, வெள்ளி

கல் கொட்டுவதை நிறுத்திவிட்டார்கள். முகத்துவாரத்தைத் தூர்வாரித் தருகிறோம் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். காசிமேட்டிலிருந்து, திருவொற்றியூரிலிருந்தெல்லாம் சங்கத்து ஆட்கள் வந்து சால்வை போட்டார்கள். எல்லப்பனே எழுந்து நின்று, "அன்னிக்கி அந்த தண்டனைய குடுக்காம வுட்டிருந்தா மறுநாளே பத்து படகு இறங்கியிருக்கும். மறியல் ஒடஞ்சிருக்கும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்படியானால் நான் செய்தது சரிதானே? சரிதான். சால்வைகள் ஏழு. மடித்துப் பீரோவில் வைத்தேன். அங்கே வளையல் டப்பா இருந்தது, கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். அதன் மேலேயே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அறிவு ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆம்பள புள்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. ராயபுரம் ஆஸ்பத்திரி."

பிப்ரவரி 4, செவ்வாய்

போனேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து, முக்காடு மாதிரி முந்தானையைப் போட்டுக்கொண்டு. பிள்ளைக்கு ஒரு வெள்ளைத் துணி, ஒரு பேபி சோப்பு, அவளுக்குப் பூண்டு லேகியம். வழி நெடுக என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒன்றும் பேச வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டால் போதும், அவளே பேசுவாள் என்று முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் குப்பத்துக்காரி ஒருத்தி கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து நின்று, "வாங்க தலைவரம்மா" என்றாள். அவ்வளவுதான். முகத்தில் கேள்விகூட இல்லை.

நான் உள்ளே போகிற படியில் காலை வைத்திருந்தேன். வைத்த காலை எடுத்தேன். "ராயபுரத்துல ஒரு வேலையா வந்தேன்" என்றேன். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். இரண்டு பஸ் வந்து போனது. மூன்றாவதில் ஏறிவிட்டேன்.

துணியும் சோப்பும் இங்கே மேசையில் இருக்கின்றன. லேகியத்தை நானே கொஞ்சம் தின்றேன். ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

கூட்டத்தில் ஐந்து வழக்கு. எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

அறிவுக்கு ஞாயிறுதோறும் ஓவர்டைமாம். பச்சையம்மா இப்போது வீட்டுக்கு வருவதில்லை. வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறாள். கைகூப்பி, மரியாதையாக.

சமைக்கிறேன், மீந்துபோகிறது.

ஜூன் 8, ஞாயிறு

முகத்துவாரம் ஆழமாகிவிட்டது. இறால் திரும்பியிருக்கிறது. நான் செய்தது இது. நான்தான் செய்தேன். யாரிடம் சொல்வது?

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. கூழுக்கு இன்னும் பதினேழு நாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயிலில் கூழ். எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். தாலியில்லாத பெண்ணுக்கு முதல் மரியாதை இந்தக் கடற்கரையில் எங்கேயும் நடந்ததில்லை என்று பூசாரி மைக்கில் சொன்னார். சரியாகப் பொருந்தியது. உட்கார்ந்திருந்தேன்.

பத்தரைக்குத் தீபனும் நிரோஷாவும் வந்தார்கள். விலக்கு முடிந்தால் ஊர் முன்னால் விழுந்து எழ வேண்டும். விழுந்தான். நான் விபூதி கொடுத்தேன். நிரோஷா இளைத்திருந்தாள். இடுப்பில் பிள்ளை. ஆறு மாதம். தீபன் நிறம், என் அப்பாவின் காது.

நான் எழுந்திருப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து எல்லப்பன் பெண்டாட்டி, "டேய் கபிலா, இங்க பாருடா" என்றாள். பிள்ளை அவளைப் பார்த்து வாயெல்லாம் சிரித்தது. அப்படித்தான் பெயர் எனக்குத் தெரிந்தது. அவள் கையை நீட்டினாள், தாவிப் போனது. அவளிடமிருந்து பச்சையம்மாவிடம். அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது, அவள், "எப்பவும் இதேதான் இவனுக்கு" என்றாள். அவளிடமிருந்து அறிவிடம். அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது, அது அதற்குப் பழக்கமான இடம் மாதிரி. கருவாட்டுக்காரி கன்னத்தைக் கிள்ளினாள். அவளிடமும் சிரித்தது.

அறிவு அதை என்னிடம் கொண்டுவந்தான். வாங்கினேன். என் முகத்தைப் பார்த்தது, பரிவட்டத்தைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கி வீறிட்டு அழ ஆரம்பித்தது. முதுகைத் தட்டினேன். இன்னும் அழுதது. நிரோஷா வந்து வாங்கிக்கொண்டாள்.

"பழக்கம் இல்லல்ல, அதான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்நியர்களுக்குச் சமாதானம் சொல்வது மாதிரி சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு, அண்டா கழுவிக்கொண்டிருந்த பச்சையம்மாவிடம் கேட்டேன். மாத்தூருக்கு எத்தனை தடவை போனாய்?

"நானா? வாராவாரம் செவ்வாக்கெழம. மத்ததுங்க முடிஞ்சப்பலாம். எல்லப்பன் பொண்டாட்டிதான் மொதல்ல போனா, அது மாசமா கீறப்பவே சுறா எத்துகினு. பிரசவத்தப்ப நாங்க பத்து பன்னெண்டு பேரு ஆஸ்பத்திரி உள்ளதான் இருந்தோம்."

பயமில்லையா என்றேன்.

"ஊரே போவுது, இன்னா பயம்?"

என்னிடம் ஏன் ஒருத்தியும் சொல்லவில்லை?

அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீ தலைவராச்சேக்கா. சொல்லியிருந்தா எல்லாருக்கும் அபராதம் போட்டுருப்ப."

உண்மைதான். போட்டிருப்பேன்.